உமிச்சாம்பலுக்கு ஏற்ற பிளேடு

பொதக்குடி ஜெக்கரியா எந்த இரும்பைக் கண்டாலும் முதலில் கட்டைவிரலால் அதன் ஓரத்தைத் தடவிப் பார்ப்பார். பஸ் படியானாலும் சரி, பக்கத்து வீட்டு அரிவாள்மணையானாலும் சரி. ஓரம் மழுங்கியிருந்தால் உரசல், குழிந்திருந்தால் துரு, உதிர்ந்திருந்தால் அடி என்பது அவருடைய கணக்கு. மகள் ரிஃப்காவுக்குக் கல்யாணம் பேசக் கூத்தாநல்லூர் போயிருந்தபோது, சம்பந்தி வீட்டு இரும்புக் கேட்டின் கீலைத் தடவிவிட்டு, “எண்ணெய் விட்டு நாளாச்சு போலருக்கே” என்று சொல்லிவிட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் மனைவி ஷம்சாத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அவருடைய அத்தா பொதக்குடியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். ஜெக்கரியாவுக்குப் படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றது. மன்னார்குடியில் ஒரு லேத் பட்டறையில் வெல்டிங் பழகினார். 1996ஆம் ஆண்டு ஷார்ஜாவுக்குப் போனார். கான்கிரீட் கலக்கும் ஆலையில் வேலை. போன இடத்தைக் கடைசிவரை மாற்றவில்லை. முதலில் கலவைச் சட்டி கழுவுகிறவராக இருந்தார். பிறகு அதற்குள் சுழலும் பிளேடுகளை மாற்றுகிறவரானார். முடிவில், அடுத்த தடவை எந்தப் பிளேடு வாங்கலாம் என்று கேட்டுக்கொண்டு மேனேஜரே அவரிடம் வரும்படி ஆயிற்று.

1998இல் முதல் விடுமுறையில் வந்து ஷம்சாத்தை நிக்காஹ் செய்துகொண்டார். ரிஃப்கா பிறந்ததைத் தபாலில் வந்த போட்டோவில்தான் பார்த்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். வந்த பெட்டி காலியாவதற்குள் போகிற பெட்டி நிறையத் தொடங்கிவிடும். ஷம்சாத் ஊறுகாயும் வறுத்த மாசிக் கருவாட்டுப் பொடியும் கட்டி வைப்பாள். கார் வந்ததும் வாசலுக்கு வந்து, “போயிட்டு வாங்க” என்பாள். அழுததில்லை. மற்ற வீட்டுப் பெண்கள் வாசலில் நின்று கண்ணைத் துடைப்பதைப் பார்த்திருந்த ஜெக்கரியா, தன் மனைவிக்கு நெஞ்சுரம் அதிகம் என்று எண்ணிக்கொண்டார். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

2019இல் முதுகெலும்பு மடக்கென்று பிடித்துக்கொண்டதில் ஒரேயடியாக ஊர் திரும்பினார். ரிஃப்காவின் கல்யாணம் முடிந்ததும் நீடாமங்கலத்துக்குத் தெற்கே, சாலையை ஒட்டி இருந்த மாமனார் நிலத்தில் சிமெண்ட் கல் அறுக்கும் களம் ஒன்றைத் தொடங்கினார். களத்தின் ஓரத்திலேயே இரண்டு அறை வீடும் எழுந்தது. காலையில் எழுந்தால் கணவன் முகம், மாலையிலும் அதே முகம். கல்யாணமாகி இருபது வருடத்துக்கு மேலான பிறகுதான் ஷம்சாத்துக்கு அது வாய்த்தது. ஆரம்பத்தில் அவர் வீட்டுக்குள் நடமாடுவதே அவளுக்கு விருந்தாளி வந்த மாதிரி இருந்தது. போகப்போக, “காலை நீட்டாதீங்க, கூட்டணும்” என்று சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டாள்.

அவருடைய கல்லுக்குத் தனிப் பெயர் இருந்தது. அக்கம்பக்கத்து அரிசி ஆலைகளில் நெல் அவிக்க உமியை எரிப்பார்கள். மிஞ்சும் சாம்பலைக் கொண்டுபோய் எங்கே கொட்டுவது என்று அவர்களுக்கே தெரியாது. அந்தக் கறுப்புச் சாம்பலை வாங்கி, சிமெண்டும் கருங்கல் உடைக்கும் கிரஷரிலிருந்து வரும் பொடியும் சேர்த்துக் கலந்து கல் அடித்தார் ஜெக்கரியா. கல் எடை குறைவு. அந்தக் கல்லில் கட்டிய வீட்டுக்குள் வெயில் அவ்வளவாக இறங்காது. வலங்கைமான், நன்னிலம் வரை “சாம்பக்கல் பாய்” என்றால் தெரிந்தது.

ஆனால் சாம்பலுக்கு ஒரு குணம் உண்டு. நெற்பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சுவதில் மணலின் சத்தும் சேர்த்தி. அது போய்த் தங்கும் இடம் உமி. உமி எரிந்தாலும் அது எரியாது. தொட்டால் மைபோல் இருக்கும் சாம்பல், இரும்புக்கு உப்புத்தாள். கலவை இயந்திரம் என்பது ஆள் உயரத்தில் பாதி இருக்கும் வட்டமான இரும்புத் தொட்டி. களத்தில் அதற்குப் பெயர் சட்டி. அதற்குள் ஆறு கைகள் சுழலும். ஒவ்வொரு கையின் நுனியிலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளேடு அடியை வழித்துக்கொண்டே போகும். சாதாரண இரும்புப் பிளேடுகள் குளியலறைச் சோப்பு மாதிரி கரைந்தன. வார்ப்பு இரும்பில் போட்டுப் பார்த்தார். கொஞ்சம் கூடுதலாக நின்றன, அவ்வளவுதான். ஒவ்வொரு தடவை பிளேடு தேய்ந்ததும் களம் நின்றது. திருச்சியிலிருந்து புதிது வர வேண்டும். அதுவரை கல் கேட்டு வந்தவர்கள் வேறு களம் பார்த்துப் போனார்கள்.

இந்தச் சமயத்தில்தான் ஷார்ஜாவிலிருந்து பழைய மேனேஜர் கூப்பிட்டார். மலையாளி, தமிழ் நன்றாகப் பேசுவார். ஆலையைப் பெரிதாக்குகிறார்களாம். குனிந்து நிமிரும் வேலை கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்து பிளேடுகளையும் தேய்மானத்தையும் பார்த்துக்கொண்டால் போதும். மூன்று வருட விசா. ரமலானுக்கு முன் பதில் சொல்ல வேண்டும்.

ஜெக்கரியா அதை ஷம்சாத்திடம் மறைக்கவில்லை. காலைத் தொழுகை முடிந்து குப்புறப் படுத்திருந்தார். அவள் முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“நோன்புக்குள்ள இந்தச் சட்டி நிக்காம ஓடுச்சுன்னா இங்கேயே இருந்துர்றேன். ஓடலேன்னா போய்ட்டு வந்துர்றேன். என்ன சொல்றே?”

தேய்த்த கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி தேய்த்தது.

“நான் என்ன சொல்றது? உங்களுக்குத் தெரியாததா?”

அவ்வளவுதான் அவள் சொன்னாள். அந்தக் கை நின்றதை ஜெக்கரியா கவனிக்கத்தான் செய்தார். வலி இருக்கும் இடத்தைத் தேடுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

திருச்சியில் அவருக்குப் பிளேடு செய்து தருகிறவர் இளவழகன். சிறு பட்டறைக்காரர், நறுக்கென்று பேசுவார். ஜெக்கரியா நேரில் போய் உட்கார்ந்தார்.

“கார்பைடு போட்டுருவோம், இளவழகன். இனிமே இந்த இரும்போட மல்லுக்கட்ட முடியாது.”

“போட்டுரலாம் பாய். ஆனா எந்த ரகம்? கார்பைடுன்னா ஒண்ணு இல்ல, ஒம்பது இருக்கு.” இளவழகன் மேசைமேல் இரண்டு துண்டுகளை வைத்தார். மிட்டாய்க் கட்டி அளவு, சாம்பல் நிறம், கையில் எடுத்தால் ஈயக்குண்டு மாதிரிக் கனம். “உள்ள இருக்கிறது டங்ஸ்டன் கார்பைடு மாவு. அதை ஒட்டி வைக்கிற பசை கோபால்ட்டு. பசை கம்மின்னா ரொம்பக் கெட்டி, தேயவே தேயாது. ஆனா அடி பட்டா கண்ணாடி. பசை கூடன்னா கொஞ்சம் சீக்கிரம் தேயும், அடியத் தாங்கிக்கும். உங்க கலவையில ஜல்லி உண்டா?”

“கிடையாது. சாம்பலும் பொடியும்தான். எல்லாம் சலிச்சுப் போடுறது.”

“அப்ப அடிக்கு என்ன வேலை? கெட்டியானதே போட்டுக்கலாம்.”

“ஷார்ஜாவுலயும் ஜல்லியில்லாத கலவைக்கு அதுதான் போட்டோம்,” என்றார் ஜெக்கரியா. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

கெட்டியான ரகத் துண்டுகளை வரிசையாகப் பற்றவைத்த ஆறு பிளேடுகள் பஸ் பார்சலில் வந்து இறங்கின. மாட்டி ஓட்டியபோது சட்டியின் சத்தமே மாறியது. கரகரவென்று அரைத்தது போய், துணி கிழிப்பது போல மெல்லிய ஓசை. ஜெக்கரியா தினமும் கட்டைவிரலால் தடவினார். கீழ் ஓரம் தேயவே இல்லை. சாயங்காலம் பிளேடுகளின் பின்புறத்தில் அப்பியிருக்கும் கலவையை மட்டும் அன்றன்றைக்கே எடுத்துவிட வேண்டும் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்.

“ஒட்டினது காஞ்சு இறுகிச்சுன்னா, மறுநாள் அதுவே பிளேடத் தின்னுரும். சாப்பாட்டுத் தட்ட ராத்திரி போட்டு வைக்கிற மாதிரிதான். தெரியுதா?”

“தெரியுது பாய்,” என்றாள் நீலாம்பாள்.

நீலாம்பாள் சட்டியில் சாம்பல் கொட்டுகிறவள். முன்பு நடவு, களையெடுப்பு என்று போனவள்; இப்போது அவளுக்கே குத்தகைக்கு அரை ஏக்கர் உண்டு. முதுகு பிடித்த பிறகு ஜெக்கரியா சட்டிக்குள் இறங்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். ஆகவே சட்டி கழுவும் பொறுப்பு நீலாம்பாளுடையது. அவர் சாயங்கால அஸர் தொழுகைக்குப் போய், டீ குடித்துத் திரும்பும்போது சட்டி கழுவிய பாத்திரமாக இருக்கும்.

“சட்டிய கண்ணாடியாட்டம் வச்சிருக்கியே, நீலாம்பா!”

“எல்லாம் பாயம்மா சொல்லிக் குடுத்ததுதான்,” என்று அவள் தலையைக் குனிந்துகொள்வாள். அடக்கமான பெண் என்று ஜெக்கரியா நினைத்தார்.

மூன்றாவது வாரத்தில் ஒரு பிளேடில் ஒரு துண்டின் மூலை உடைந்திருந்தது. நாலைந்து நாளில் இன்னொன்று. பிறகு மளமளவென்று ஆரம்பித்தது. மூலை போன இடத்தில் வெறும் இரும்பு தெரிந்தது. சாம்பல் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு கடித்தது. சட்டி மறுபடி கரகரத்தது.

உடைந்த மூலைகளைத் தாளில் மடித்துக்கொண்டு திருச்சிக்கு ஓடினார். இளவழகன் லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

“பாய், இது தேஞ்சதில்ல. இது அடி வாங்கினது.”

“யாரு அடிக்கிறா? சாம்பலா அடிக்குது?”

“அது எனக்கு எப்படித் தெரியும்? உங்க வீட்டுல நடக்குறது.”

“உங்க பத்தவைப்பு சரியில்ல.”

“பத்தவைப்புல குத்தம்னா துண்டு முழுசாக் கழண்டு விழும் பாய், மூலை மட்டும் உதிராது. நீங்களே தடவிப் பாத்துச் சொல்லுங்க, உங்க கைக்குத் தெரியாததா?”

கைக்குத் தெரிந்துதான் இருந்தது. உதிர்ந்திருந்தால் அடி. ஆனால் மனது ஒப்பவில்லை. சாம்பலோடு இரும்பு ஏதாவது வருகிறது என்று முடிவு கட்டினார். பழைய ஸ்பீக்கரின் காந்தத்தை வாங்கி வந்து சல்லடையில் கட்டினார். அரிசி ஆலையிலிருந்து வந்த இரண்டு ஆணியும் ஒரு நட்டும் மாட்டின. “பிடிச்சாச்சு திருடன!” என்று வெற்றி வீரர் மாதிரி அவற்றைக் கொண்டுபோய் ஷம்சாத்திடம் காட்டினார். அதே ரகத்தில் இரண்டாவது செட் வாங்கி மாட்டினார். கூடவே, “சட்டிய இன்னும் நல்லா எடுக்கணும், ஒரு பொட்டு ஒட்டியிருக்கக் கூடாது,” என்று கண்டித்துச் சொன்னார்.

இரண்டாவது செட் முதல் செட்டைவிடச் சீக்கிரமாக உடைந்தது.

ரமலானுக்கு அதிக நாள் இல்லை. மேனேஜர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். ஜெக்கரியா அலமாரியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து, அது காலாவதியாகவில்லை என்று பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். அன்று முழுக்க ஷம்சாத் அவரோடு சரியாகப் பேசவில்லை. மறுநாள் பார்த்தால் அடுப்படியில் ஊறுகாய்க்கு எலுமிச்சை அறுத்துக்கொண்டிருந்தாள். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலையில் வழக்கம்போல் எண்ணெய் தேய்த்தாள். அவளுடைய வலது கை முதுகில் படும்போது ஏதோ நிரடியது.

“உன் கை ஏன் இப்படிச் சொரசொரன்னு இருக்கு?”

“சட்டிபானை தேய்க்கிற கை பின்ன பட்டாவா இருக்கும்?”

“காட்டு பாப்போம்.”

“காட்டுறதுக்கு என்ன இருக்கு? பேசாம படுங்க.”

அவர் புரண்டு அவள் கையைப் பிடித்து விரித்தார். விரல்களின் அடியில் வரிசையாகக் காய்ப்பு. அந்தக் காய்ப்பு பாத்திரம் தேய்த்து வருவதல்ல என்று அவர் கட்டைவிரலுக்குத் தெரிந்தது. பட்டறையில் சம்மட்டி பிடித்த காலத்தில் அவருடைய கையிலும் அதே இடத்தில்தான் இருந்தது. ஷம்சாத் கையை உருவிக்கொண்டு, எண்ணெய்க் கிண்ணத்தோடு எழுந்துபோய்விட்டாள்.

அவர் நேரே களத்துக்குப் போனார். சட்டியின் விளிம்பில் சாய்ந்து ஆறு பிளேடுகளையும் ஒவ்வொன்றாகத் தடவினார். முன்பு கண்ணில் பட்டும் மனதில் படாத ஒன்று இப்போது பட்டது. உடைந்ததெல்லாம் மேல் மூலைகள். கலவை உரசுவதும், ஆணியோ நட்டோ வந்து மோதுவதும் கீழ் ஓரத்தில். அது புதிதாக வாங்கியது போலவே இருந்தது. அடி மேலிருந்துதான் வந்திருக்கிறது.

அன்று அஸருக்கு வழக்கம்போல் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பள்ளிவாசலில் தொழுதார். டீக்கடைக்குப் போகாமல் உடனே திரும்பி, வண்டியைச் சாலையோரப் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு நடந்து வந்து, சாம்பல் குவியலுக்குப் பின்னால் நின்றார். ஐம்பது வயதில் சொந்தக் களத்தில் ஒளிந்து நிற்பது அவருக்கே வெட்கமாக இருந்தது.

நீலாம்பாள் தூக்குவாளியோடு ஓட்டமும் நடையுமாக வெளியே போய்க்கொண்டிருந்தாள். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட்டைப் போட்டுவிட்டால் அந்தப் பக்கம் நிற்கும் வலங்கைமான் பஸ் போய்விடும். அடுத்ததற்கு நெடுநேரம் காக்க வேண்டும்.

“ஓடு, ஓடு, கேட்டப் போட்டுருவான்,” என்று பின்னாலிருந்து ஷம்சாத்தின் குரல் கேட்டது. “இத நான் பாத்துக்குறேன்.”

“தினமும் இப்படியே சொல்றீங்க பாயம்மா. பாய்க்குத் தெரிஞ்சா என்னத் தோலுரிச்சிருவாரு.”

“அவருக்குத் தெரிஞ்சா முதுகு வலியோட அவரே உள்ள எறங்குவாரு. அதுக்கு இது தேவல. நீ கிளம்பு.”

நீலாம்பாள் போனதும் ஷம்சாத் மெயின் சுவிட்சை நிறுத்தினாள். பீங்கான் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். வீட்டுக்குள் போய் ஓர் உலக்கையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தாள். அவள் தாய் வீட்டுச் சீரில் வந்த உலக்கை. நுனியில் தடித்த இரும்புப் பூண். ரிஃப்கா பிறந்த பிறகு அரிசி மாவு இடித்து, அப்புறம் மில்லில் அரைக்கிற காலம் வந்ததால் கதவுக்குப் பின்னால் சாத்தியே கிடந்தது. சட்டியின் பக்கத்தில் நாலு கல்லை அடுக்கி, மேலே ஏறி நின்று, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பிளேடின் பின்னால் இறுகியிருந்த கட்டியின்மேல் போட்டாள் ஓர் இடி.

டங்.

“போறியா இல்லியா?”

டங்.

“என் புருஷன ஷார்ஜாவுக்கு அனுப்பலாம்னு பாக்குறியா? அதுக்கு வேற ஆளப் பாரு.”

டங், டங்.

“இத்தன வருஷம் அந்த ஊர்ச் சட்டி அவர வச்சிருந்துச்சு. நீயும் பிளேடத் தின்னுட்டு அனுப்பிரலாம்னு நெனைக்கிறே. விடமாட்டேன். பேத்துப் போட்டுருவேன்.”

கட்டி பொலபொலவென்று உதிர்ந்தது. அதோடு சேர்ந்து மிளகு அளவில் ஏதோ ஒன்று தெறித்து, சட்டியின் சுவரில் பட்டு ‘டிங்’ என்றது. ஷம்சாத் அதைக் கவனிக்கவில்லை. சாம்பல் குவியலுக்குப் பின்னால் நின்றவருக்கு அது என்ன என்று தெரிந்தது.

அவர் உடனே வெளியே வரவில்லை. ஒட்டிய கட்டி பிளேடைத் தின்னும் என்று சொன்னது அவர்தான். இன்னும் நன்றாக எடுக்க வேண்டும் என்று கண்டித்ததும் அவர்தான். அவர் சொல்லச் சொல்ல அவள் பலமாக இடித்திருக்கிறாள். ஷார்ஜாவில் சட்டியை வேகமான தண்ணீர்க் குழாயால் கழுவினார்கள். இங்கே எதைக் கொண்டு கழுவுகிறார்கள் என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை. பிளேடு வாங்கப் போனபோது இளவழகன் சாம்பலைப் பற்றிக் கேட்டார், ஜல்லியைப் பற்றிக் கேட்டார். இவரும் அதற்கு மட்டும்தான் பதில் சொன்னார்.

அவள் இறங்கி, ஃபியூஸ் கட்டையை மாட்டிவிட்டு, உலக்கையோடு திரும்பும்போது இருமிக்கொண்டே வந்தார்.

“அல்லாவே! நீங்க பள்ளிக்குப் போகல?”

“போய்ட்டு வந்துட்டேன்.”

“எப்ப வந்தீங்க?”

“இப்பத்தான்,” என்று பொய் சொன்னார். உலக்கையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அதன் கனம் அவர் கையையே இழுத்தது. “கை வலிக்கலையா உனக்கு?”

“கடப்பாரையால பாத்தேன், வழுக்குச்சு. இதுதான் கைக்குப் பழகினது.” பிறகு, பிடிபட்டவளின் மிடுக்கோடு சொன்னாள்: “நீலாம்பாளத் திட்டாதீங்க. நாந்தான் போகச் சொன்னேன். அவளுக்கு கேட்டப் போட்டுருவான்.”

“நான் யாரையும் திட்டல,” என்றார்.

மறுநாள் காலை பழைய லாரி டயரிலிருந்து ஒரு தடித்த துண்டை அறுத்து, வாசலில் உட்கார்ந்து, உலக்கையின் பூண்மேல் தொப்பி மாதிரிச் சுற்றிக் கம்பியால் முறுக்கிக்கொண்டிருந்தார். ஷம்சாத் டீ டம்ளரோடு வந்து நின்று பார்த்தாள். உலக்கையைப் பார்த்தாள். அவர் பக்கத்தில் தாளில் கிடந்த உடைந்த கார்பைடு மூலைகளைப் பார்த்தாள்.

“அப்ப நாந்தானா?”

“சாம்பலும்தான்.”

“பொய் சொல்லாதீங்க மச்சான். ரெண்டு செட்டையும் நானா ஒடச்சேன்?”

அவர் கம்பியை முறுக்கினார். ஷம்சாத் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். டம்ளரில் டீ தளும்பியது. சிரித்தாளா அழுதாளா என்று அவருக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் ஒரே முகத்தில் இருந்தன.

“அடப் பாவமே! நீங்க போயிரக் கூடாதுன்னு இடிச்சேன். நானே டிக்கெட் எடுத்துக் குடுத்த கணக்கால்ல இருக்கு!”

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

“என்னன்னு? உலக்கையால இடிக்கிறேன்னா?”

“போகாதீங்கன்னு.”

அவள் டீயை அவர் பக்கம் நகர்த்தினாள். “சொன்னா இருந்திருப்பீங்களா? அப்பல்லாம்?”

அப்போதெல்லாம் இருந்திருக்க முடியாதுதான். அது இருவருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அவள் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. கேட்டு, முடியாது என்று அவர் சொல்லி, அந்தச் சொல்லோடு அவர் விமானம் ஏறிப் போக வேண்டாம் என்றுதான் வாசலில் சிரித்த முகமாக நின்றிருக்கிறாள். நெஞ்சுரம் என்று இத்தனை வருடம் அவர் பெயர் வைத்திருந்தது இதற்குத்தான். டீயை எடுத்துக் குடித்தார். ஆறிப்போயிருந்தது. ஆறிவிட்டது என்று அவர் சொல்லவில்லை.

அன்றே திருச்சிக்குப் போன் போட்டார்.

“இளவழகன், நீங்க சொன்னதுதான் சரி. அடிதான்.”

“அப்பாடா! ஒத்துக்கிட்டீங்களே. என்ன அடி? ஆணியா?”

“இல்ல. சட்டி சுத்தம் பண்றப்ப.”

“யாரு பண்றா?”

“என் வீட்டுக்காரி.”

“எதால?”

“உலக்கையால.”

அந்தப் பக்கம் இளவழகன் சிரித்த சிரிப்பில் பட்டறையில் யாரோ என்னவென்று கேட்பது கேட்டது.

“பாய், இந்த வேலைக்கு வந்ததிலேர்ந்து ஜல்லி கேட்டிருக்கேன், ஈரம் கேட்டிருக்கேன், எத்தன சுத்துன்னு கேட்டிருக்கேன். உலக்க உண்டான்னு யாருகிட்டயும் கேட்டதில்ல. சரி, இனிமே அம்மாவ இடிக்க வேணாம்னு சொல்லிருங்க. கெட்டி ரகமே போட்டுத் தந்துர்றேன், வருஷக்கணக்கா நிக்கும்.”

“அது வேணாம்,” என்றார் ஜெக்கரியா. “இடிக்காம அந்தக் கட்டி வராது. தண்ணி அடிச்சுக் கழுவ இங்க வசதி கிடையாது. நான் உள்ள எறங்கக் கூடாதுன்னு அவ வேற சொல்லிட்டா. டயர் ரப்பர் கட்டித் தந்திருக்கேன். ஆனா ரப்பர் ஒருநாள் கிழியும், அவ அதப் பாக்காம இடிப்பா. அதத் தாங்குறதா குடுங்க.”

“கோபால்ட்டு கூட இருக்கிறதுதான் அதுக்கு. துண்டையும் கொஞ்சம் தடிமனாப் போட்டு, மேல் மூலைய மழுக்கி, இரும்புக்குள்ள அமுக்கி வைக்கிறேன். ஆனா முன்ன மாதிரி தேயாம நிக்காது பாய். நெனச்சதவிடச் சீக்கிரம் மாத்த வேண்டி வரும். அப்பறம் என்னக் குத்தம் சொல்லக் கூடாது.”

“சொல்லமாட்டேன். ரெண்டு செட்டா அனுப்புங்க. ஒண்ணு தேயுறப்ப இன்னொண்ணு கைவசம் இருந்தா சட்டி நிக்காது.”

போனை வைத்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. ஊரைவிட்டுப் போகிறவன் எதற்கு இரண்டாவது செட் வாங்குகிறான்?

பிளேடுகள் வந்த அன்று வேலையை மதியத்தோடு நிறுத்தினார்கள். பிளேடுக்கும் சட்டியின் அடிக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளியை ஜெக்கரியா வேறு யாரையும் நம்பி விடமாட்டார். ஷம்சாத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு சட்டிக்குள் இறங்கினார். “மெள்ள, மெள்ள. அப்பறம் வலிக்குதுன்னு என்கிட்ட வரக் கூடாது,” என்று அவள் வெளியே நின்று அதட்டிக்கொண்டிருந்தாள். நீலாம்பாள் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

“பாயம்மா, பிளேடு வந்திருக்கே, உங்க உலக்கைய ஒருதரம் மாதிரிக்குப் போட்டுக் காட்டுங்க, பாப்போம்,” என்றாள் நீலாம்பாள்.

“உன் தலையில போட்டுக் காட்டவா?”

மூன்றாவது பிளேடை மாட்டிக்கொண்டிருந்தபோது, கல் அடுக்கின்மேல் வைத்திருந்த ஜெக்கரியாவின் போன் அடித்தது. ஷம்சாத் எட்டிப் பார்த்தாள். திரையில் வந்த பெயர் அவளுக்குத் தெரிந்த பெயர்தான்.

“யாரு?” என்றார் உள்ளிருந்து.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் நிமிர்ந்து சட்டியின் விளிம்புக்கு மேலே தலையை நீட்டி அவள் முகத்தைப் பார்த்தார். யார் என்று அதிலேயே தெரிந்துவிட்டது. இரண்டு கையிலும் கிரீஸ். எடுத்துக் காதில் வைக்கச் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, “நீயே பேசு,” என்றார்.

ஷம்சாத் போனைக் காதில் வைத்தாள். அந்தக் குரலை அவள் இதுவரை கேட்டதில்லை. அவளுடைய கணவனை இத்தனை வருடம் வைத்திருந்த ஊரின் குரல்.

“அவரு சட்டிக்குள்ள இருக்காருங்க,” என்றாள். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். “இல்லீங்க, நம்ம சட்டி. இங்க உள்ளது.” மறுபடி ஏதோ கேட்டார்கள். ஷம்சாத் முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டாள். கல் அடுக்கின்மேல் ஏறி உலக்கையை ஓங்கும்போது செய்வதைப் போல.

“அவரு வரமாட்டாருங்க. போகாதீங்கன்னு நாந்தான் சொல்லியிருக்கேன்.”

சட்டிக்குள் ஸ்பானர் சத்தம் நின்றது. நீலாம்பாள் கையில் போல்ட்டோடு அப்படியே நின்றாள். ஷம்சாத் போனைத் துடைத்துக் கல்லின்மேல் வைத்தாள். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

சற்றுப் பொறுத்து, சட்டியிலிருந்து கிரீஸ் படிந்த கை ஒன்று மேலே நீண்டது.

“அடுத்த போல்ட்டக் குடு,” என்றார் ஜெக்கரியா.

நீட்டிய கை நீலாம்பாளின் பக்கம் இல்லை. ஷம்சாத் நீலாம்பாளிடமிருந்து போல்ட்டை வாங்கி அந்தக் கையில் வைத்தாள். கிரீஸ் விரல்கள் போல்ட்டோடு சேர்த்து அவளுடைய காய்ப்புப் பிடித்த விரல்களையும் ஒரு கணம் பிடித்துக்கொண்டன. பிறகு உள்ளே நான்காவது பிளேடு மாட்டும் சத்தம் கேட்டது.